தேர்தல் செலவுக்கு அரசுப் பணம்: எந்த வழி நமக்குச் சரிப்படும்?

2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது என் சித்தப்பா எங்கள் பேரூராட்சித் தலைவர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றார். கணக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நூறு பக்க நோட்டு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நோட்டீஸ், சுவரெழுத்து 31,000 ரூபாய். மைக்செட், ஆட்டோ வாடகை 44,000. கூட வந்தவர்களுக்குச் சாப்பாடு, டீ 58,000. வாக்குப்பதிவு நாளில் பூத் செலவு 25,000. கடைசி இரண்டு இரவுகளுக்கு 80,000; அது என்ன செலவு என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மொத்தம் 2,38,000.

வரவுப் பக்கத்தில், சித்தியின் வளையலை அடகு வைத்தது உட்பட வீட்டுப் பணம் 66,600. தெருக்காரர்கள், கூடப் படித்தவர்கள், பால்காரர், பூக்காரம்மா என்று 63 பேர் நூறும் இருநூறும் ஐந்நூறுமாகக் கொடுத்தது 21,400. மீதி 1,50,000 ரூபாய் ஒரே ஆள் கொடுத்தது. ஜல்லி கிரஷர் வைத்திருந்தவர். வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மஞ்சள் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, “ஜெயிச்சு வாங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

சித்தப்பா 2,140 வாக்கு வாங்கி ஜெயித்தார். எட்டு மாதம் கழித்து கிரஷர்காரர் மறுபடி வந்தார். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “தலைவரே, ஒரு தீர்மானம் போடணும்” என்றார். பள்ளிக்கூடத் தெரு வழியாக லாரி போக ஆட்சேபணை இல்லை என்ற தீர்மானம். அன்றிரவு சித்தப்பா சாப்பிடவில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாரும் வாசலில் துணி காயப்போட முடியவில்லை. சத்துணவுக் கூடத்து ஜன்னலை அட்டை வைத்து அடைத்தார்கள்.

அரசியலில் பணக்காரர்களின் பிடியைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த ஒன்றரை லட்சம்தான் ஞாபகம் வரும். மேலே போகப் போகத் தொகைதான் மாறுகிறது.

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழி செய்து 2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக ரத்து செய்தார்கள். அதுவரை சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றிருந்தன. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அடுத்த மாதம் வெளியே வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகான பட்டியலில் பாஜகவுக்கு 6,060 கோடி, காங்கிரசுக்கு 1,421 கோடி. பத்திரங்களை அதிகம் வாங்கியது கோவையைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. தேர்தல் ஆணையத்திடம் திமுகவே கொடுத்த கணக்கின்படி அந்தக் கட்சிக்குப் பத்திரங்கள் வழியாக வந்த 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனத்தினுடையது. திரிணாமுல் காங்கிரசுக்கும் அதே நிறுவனம் பெருந்தொகை கொடுத்திருந்தது. கட்சி வேறுபாடு பார்த்துப் பேசுகிற விஷயம் இல்லை இது. பத்திரமே வாங்க மாட்டோம் என்று நின்ற மார்க்சிஸ்ட் கட்சி போன்ற சிலரைத் தவிர எல்லோருடைய திண்ணையிலும் மஞ்சள் பை இருந்தது.

இந்த ஆபத்தை நம் நீதிமன்றங்கள் முன்பே சொல்லியிருக்கின்றன. 1957-இல் டாடா இரும்பு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் அமைப்பு விதியைத் திருத்த அனுமதி கேட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா, இது ஜனநாயகத்தை அழுத்தி நெரிக்கக்கூடிய ஆபத்து, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று எச்சரித்துவிட்டுத்தான் அனுமதித்தார். 1969-இல் நிறுவன நன்கொடையைத் தடை செய்தார்கள். பணத்தேவை குறையாததால் கறுப்பில் வாங்கினார்கள். 1985-இல் தடையை எடுத்தார்கள். தடை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 16 ஆண்டுகளே சாட்சி. கிரஷர்காரரின் பணத்தை வாங்காதே என்று சொன்னால் மட்டும் போதாது. வேறு பணம் எங்கே என்பதற்கும் பதில் வேண்டும்.

அந்தப் பதில்தான் அரசு நிதி. அதை எப்படிக் கொடுப்பது என்பதில் உலகத்தில் ஐந்து வழிகள் பழக்கத்திலோ பேச்சிலோ இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சித்தப்பாவின் நோட்டில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். “என் வரிப்பணம் அரசியல்வாதிக்கா?” என்று கேட்பவர்கள் இன்றைக்கே அது போய்க்கொண்டிருப்பதை அறிவதில்லை. கட்சிகளின் வருமானத்துக்கு வரி கிடையாது. கொடுப்பவருக்கும் சலுகை உண்டு. பழைய வரி விகிதத்தில் தொடரும் ஒரு நிறுவனம் கட்சிக்கு 100 கோடி கொடுத்தால் முழுத் தொகையையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி கட்ட வேண்டிய நிறுவனம் என்றால் அதில் 30 கோடி நம்முடையது. எந்தக் கட்சிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தது மட்டும் முதலாளி. ஆக, அரசுப் பணம் போகலாமா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. யார் கைகாட்டும் பக்கம் போக வேண்டும் என்பதுதான் மிச்சம்.

பொருளாகக் கொடுப்பது

நம் நாட்டில் அதிகம் பேசப்பட்ட வழி இதுதான். 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும் 1998-இல் இந்திரஜித் குப்தா குழுவும் சொன்னது இது. பணமாகக் கொடுக்காமல் பெட்ரோல், டீசல், காகிதம், ஒலிபெருக்கி, தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி நேரம் என்று கொடுப்பது. தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் கட்சித் தலைவர்கள் பேசக் கிடைக்கும் இலவச நேரம் இந்த வகையில் நடைமுறைக்கு வந்த ஒரு துண்டு.

நல்லது என்னவென்றால், இதில் பணம் கை மாறாது. ஆனால் குப்தா குழு அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும் என்று சொன்னது. சுயேச்சைக்கு எதுவும் இல்லை. சித்தப்பாவுக்குச் சுழியம். நாம் தமிழர் கட்சி 2024-இல்தான் எட்டு சதவீதத்தைத் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்குத் தகுதி பெற்றது. அதற்கு முன்பு லட்சக்கணக்கில் வாக்கு வாங்கியும் இந்த முறையில் ஒரு லிட்டர் டீசல்கூடக் கிடைத்திருக்காது. போதாததற்கு, பெட்ரோலை அரசு கொடுத்தால் பெட்ரோலுக்கு ஒதுக்கியிருந்த பணம் கடைசி இரவுக்குப் போகும். கிரஷர்காரர் பக்கத்தில் எதுவும் குறையாது. என் கணக்கில் ஐந்திலும் பலவீனமானது இதுதான். வானொலி, தொலைக்காட்சி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

வாக்குக்கு இவ்வளவு என்று கொடுப்பது

முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரேஷி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது: தேர்தலுக்குப் பணம் கொடுக்காதீர்கள், கட்சிக்குக் கொடுங்கள்; விழுந்த ஒவ்வொரு வாக்குக்கும் 100 ரூபாய். அவருக்கு முன்பு அதே பதவியில் இருந்த டி.எஸ். கிருஷ்ணமூர்த்தி, எல்லோரும் நன்கொடை செலுத்தக்கூடிய ஒரு தேசியத் தேர்தல் நிதி வேண்டும் என்றார்.

2024 மக்களவைத் தேர்தலில் சுமார் 64.2 கோடி பேர் வாக்களித்தார்கள். வாக்குக்கு 100 என்றால் 6,420 கோடி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை. மக்களவை உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 5 கோடி. 543 பேருக்கு ஐந்தாண்டில் 13,575 கோடி. அதில் பாதிகூட ஆகவில்லை. நாடு தாங்காது என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பாஜகவுக்கு 23.59 கோடி வாக்கு, அதாவது 2,359 கோடி ரூபாய். காங்கிரசுக்கு 13.67 கோடி வாக்கு, 1,367 கோடி ரூபாய். பத்திரத்தில் நான்கு மடங்குக்கும் மேல் இருந்த இடைவெளி இங்கே இரண்டு மடங்குக்கும் கீழே வருகிறது. ஓர் இடம்கூட ஜெயிக்காத நாம் தமிழருக்கும் 35 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளுக்கு 35 கோடி கிடைக்கும். ஜெயிக்காத கட்சிக்குப் போடுகிற வாக்கு வீண் என்ற பேச்சுக்கும் அது ஒரு பதில்.

சித்தப்பாவின் 2,140 வாக்குக்கு 2,14,000 ரூபாய் வந்திருக்கும். முழுச் செலவுக்குப் பக்கத்தில். ஆனால் எப்போது வந்திருக்கும்? வாக்கு எண்ணி முடித்த பிறகு. மைக்செட்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய நாளில் கையில் இருந்தது 88,000தான். தேர்தலுக்கு முன்பே கொடுக்க வேண்டுமானால் போன தேர்தலின் வாக்கை வைத்துத்தான் கொடுக்க முடியும். முதல் தடவை நிற்பவருக்கு அதில் இடமில்லை. ஏற்கெனவே பெரிதாக இருப்பவரை இன்னும் பெரிதாக்கும் குணம் இந்த வழிக்கு உண்டு.

சிறு நன்கொடைக்கு அரசு ஈடு போடுவது

நியூயார்க் நகரம் 1988-இல், நகராட்சி ஊழல்கள் வெடித்த கையோடு, இந்த முறைக்கு வந்தது. நகரவாசி ஒருவர் கொடுக்கும் சிறிய தொகைக்கு நகராட்சியும் தன் பங்கைப் போடும். தொடக்கத்தில் ஒன்றுக்கு ஒன்று. இப்போது ஒரு டாலருக்கு எட்டு டாலர் வரை. மேயர் வேட்பாளருக்கு ஒருவர் தரும் தொகையில் முதல் 250 டாலருக்குத்தான் ஈடு. அதைப் பெற குறைந்தது ஆயிரம் நகரவாசிகளிடம் வசூலித்துக் காட்ட வேண்டும். செலவுக்கு உச்சவரம்பு, கணக்குத் தணிக்கை எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேட்பாளர் யாரைத் தேடிப் போவார் என்பதையே இது மாற்றிவிடுகிறது. 2011-இல் பூக்காரம்மாவின் நூறு ரூபாயை வாங்கச் சித்தப்பா கூச்சப்பட்டார், நேரமும் இல்லை. இரண்டு மடங்கு ஈடு கிடைத்து அந்த நூறு முந்நூறாகும் என்றால் அவர் கிரஷர்காரர் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார், பூக்காரம்மா தெருவுக்குப் போயிருப்பார். கொடுத்த 63 பேரில் யாரும் பின்னால் தீர்மானம் கேட்டு வரவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல இரண்டு பேர் வந்தார்கள்.

நமக்கு இது புதிய பழக்கமும் இல்லை. தோழர்கள் பேருந்து நிலையத்தில் உண்டியல் குலுக்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1967 தேர்தலுக்கு அண்ணா 10 லட்சம் கேட்க, கருணாநிதி ஊர் ஊராகப் போய் 11 லட்சம் திரட்டிக் கொடுத்ததையும், விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலை வாசித்த அண்ணா சைதாப்பேட்டைக்கு அவர் பெயருக்குப் பதில் ‘11 லட்சம்’ என்று வாசித்ததையும் திமுகவின் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கதையையும் 509 கோடியையும் ஒரே மூச்சில் நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதில் உள்ள ஓட்டையும் பெரியது. எட்டு மடங்கு கிடைக்கும் என்றால் பொய்க் கணக்குக்கும் எட்டு மடங்கு லாபம். ஒரு முதலாளி தன்னிடம் வேலை பார்க்கும் 200 பேர் கையில் பணத்தைக் கொடுத்து அவர்கள் பெயரில் நன்கொடை போட வைத்தால் போதும். நியூயார்க்கின் அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் மீது 2024 செப்டம்பரில் பதிவான கூட்டாட்சி வழக்கின் குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. வழக்கு 2025 ஏப்ரலில் தள்ளுபடியானது; ஆனால் அதற்கு முன்பே நகரத்தின் தேர்தல் நிதி வாரியம் அவருக்கு ஈட்டுப் பணம் தர மறுத்திருந்தது. நம் ஊரில் நூறு பேரின் ஆதார் நகல் யாரிடம் வேண்டுமானாலும் கிடைக்கும். அதனால் எட்டு மடங்கு நமக்கு ஆகாது. இரண்டு மடங்கு போதும். அதுவும் வங்கிக் கணக்கிலிருந்தோ யுபிஐ வழியாகவோ, அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரிடமிருந்து வந்தால் மட்டும்.

கையில் கூப்பன்

சியாட்டில் நகர மக்கள் 2015-இல் வாக்களித்துக் கொண்டுவந்தது இது. நகரவாசி ஒவ்வொருவருக்கும் 25 டாலர் கூப்பன் நான்கு வரும். பிடித்த வேட்பாளருக்குக் கொடுக்கலாம். செலவுக்குச் சொத்துவரியில் தொடக்கத்தில் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். கையில் காசே இல்லாதவரும் நன்கொடையாளர் ஆகலாம் என்பது இதன் அழகு. நூறு ரூபாய் கொடுக்க முடியாத வீடுகள் எங்கள் ஊரில் பாதிக்கு மேல். அவர்களுக்கு முந்தைய வழியில் இடமில்லை, இதில் உண்டு.

மனசாரப் பிடித்திருந்தும் இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற புகாரை 2017-இல் கேட்டவர்கள் நாம். கூப்பன் வீட்டுக்கு வந்த அன்று மாலையே அதற்கு ஒரு விலை வைத்து வாங்க ஆள் வந்துவிடும். சியாட்டிலிலேயே இன்னொரு வழியாகப் பெரும்பணம் புகுந்தது. 2019 நகர மன்றத் தேர்தலில் அமேசான் நிறுவனம் சுமார் 15 லட்சம் டாலரை, வேட்பாளர்களிடம் கொடுக்காமல், வெளியே இருந்து பிரச்சாரம் செய்த ஓர் அமைப்புக்குக் கொடுத்தது. அந்த அமைப்பு ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள் என்பது வேறு கதை.

முழுச் செலவையும் அரசே ஏற்பது

1999-இல் சட்ட ஆணையத்தின் 170-வது அறிக்கை, வேறு எங்கும் பணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு இதை விரும்பத்தக்கது என்றது. 2015-இல் 255-வது அறிக்கை, இப்போதைக்கு நடக்காது என்றது. அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு 1976 முதல் இது இருந்தது. வாங்குவதும் விடுவதும் வேட்பாளர் விருப்பம் என்பதால் உடைந்தது. 2008-இல் மெக்கெயின் 84.1 மில்லியன் டாலர் வாங்கிக்கொண்டு வரம்புக்குள் நின்றார். ஒபாமா வேண்டாம் என்று சொல்லிப் பல மடங்கு திரட்டி ஜெயித்தார். அதற்குப் பிறகு பெரிய கட்சி வேட்பாளர் எவரும் பொதுத்தேர்தலுக்கு அந்தப் பணத்தைத் தொடவில்லை. வெளிப்பணத்தைத் தடுக்க முடியாத இடத்தில் முழு நிதி கொடுத்தால், நேர்மையாக வாங்கிக்கொண்டவர்தான் தோற்பார். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு எதுவும் இல்லை.

நான் எதைக் கேட்பேன்

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து. ஜெர்மனி பல பத்தாண்டுகளாக அப்படித்தான் நடத்துகிறது. அங்கே வாக்குக்கு இவ்வளவு சென்ட் என்று ஒரு பங்கு. தனிமனிதர் ஆண்டுக்குக் கொடுக்கும் 3,300 யூரோ வரையான தொகையில் ஒவ்வொரு யூரோவுக்கும் 45 சென்ட் என்று இன்னொரு பங்கு. நிறுவனங்கள் கொடுப்பதற்கு ஈடு கிடையாது. நாடு முழுவதும் அரை சதவீத வாக்கு வாங்கினாலே தகுதி. இதையெல்லாம்விட முக்கியம், ஒரு கட்சி தானாகத் திரட்டிய பணத்தைவிட அரசு தருவது அதிகமாகக் கூடாது. அரசுப் பணத்திலேயே உட்கார்ந்து சாப்பிட முடியாது. மக்களிடம் போயே ஆக வேண்டும். கட்சிகள் தங்களுக்குத் தாங்களே கூட்டிக்கொள்ளப் பார்த்தால் நீதிமன்றம் இருக்கிறது. 2018-இல் மொத்த வரம்பை 190 மில்லியன் யூரோவாக உயர்த்திய சட்டத்தை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2023 ஜனவரியில் செல்லாது என்றது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கதவை முதலில் சாத்த வேண்டும். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்குச் செலவு வரம்பு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். கட்சிக்கு வரம்பே இல்லை. 1974-இல் கன்வர்லால் குப்தா வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களில் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள். அரை நூற்றாண்டாக அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. கூடவே, 20,000 ரூபாய்க்குக் கீழே கொடுப்பவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற விதியும் இருக்கிறது. பெருந்தொகையைத் துண்டு துண்டாக்கி அதற்குள் ஒளிக்க முடியும்.

கடைசி இரண்டு இரவுகளுக்கு எந்த நிதித் திட்டமும் மருந்து ஆகாது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. அது காவல்துறையும் தேர்தல் ஆணையமும் பார்க்க வேண்டிய வேலை. அரசு நிதி கொடுத்தால் அதுவும் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசு நிதியால் முடிவது வேறு: சட்டப்படியான செலவுக்குக்கூடக் கடன்படாமல் ஒருவர் நிற்க முடியும்.

எங்கே தொடங்குவது? டெல்லியில் நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். நியூயார்க்கும் சியாட்டிலும் நகரங்கள். இங்கே உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதற்கான சட்டம் செய்வது நம் சட்டமன்றம். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் ஒரு தேர்தலுக்கு முயன்று பார்க்கலாம். வாக்காளர் தரும் முதல் 500 ரூபாய்க்கு மட்டும் இரண்டு மடங்கு ஈடு. சுயேச்சைக்கும் உண்டு. குறைந்தது 50 பேரிடம் வசூலித்துக் காட்டியவருக்கு மட்டும். கொடுத்தவர் பட்டியல் வார்டு அலுவலக வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். கடைசி இரவுகளைக் கழித்தால் செலவு 1,58,000. வீட்டுப் பணம் 66,600. இரண்டு மடங்கு ஈடு இருந்திருந்தால் ஊரிலிருந்து 30,500 ரூபாய் வந்திருந்தாலே கணக்கு நேராகியிருக்கும். வந்தது 21,400. இன்னும் 91 பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த 63 பெயர்களையும் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். “மேலத்தெருப் பக்கம் நான் போகவே இல்லையேடா” என்றார்.